பருவத்துக்கு ஒரு விளையாட்டு

(பொன்விழாவையொட்டி நம் பங்கில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



குழந்தை வளர்ப்பைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அது பெரிய தலைப்பு. அதில் ஒரு சிறங்கை மட்டும் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தந்தப் பருவத்தில் நம் வாசலிலும் தோட்டத்திலும் கிடைக்கும் பொருள்களை வைத்துக்கொண்டு, சின்னஞ்சிறு பிள்ளைகளோடு தாயும் தகப்பனும் சேர்ந்து விளையாடுவதைப் பற்றியே பேசப் போகிறேன்.

விளையாட்டைப் பற்றிப் பேசவா இத்தனை பெரியவர்கள் கூடியிருக்கிறோம் என்று சிலர் நினைக்கலாம். ஒன்று கேட்கிறேன். எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று பணம் கட்டிப் பிள்ளைகளைச் சேர்க்கிறோமே, அந்த நடு எழுத்துக்கு என்ன பொருள்? கிண்டர்கார்டன் என்பதுதான். ஜெர்மனி நாட்டில் பிரோபெல் என்பவர் 1837ஆம் ஆண்டு சிறு பிள்ளைகளுக்காக ஒரு கல்விக்கூடம் தொடங்கி, 1840இல் அதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். விளையாட்டும், பாட்டும், செடி வளர்ப்பும்தான் அங்கே பாடம். பெயரை வைத்துக்கொண்டோம்; தோட்டத்தை விட்டுவிட்டோம்.

மரிய மாண்டிசோரி அம்மையாரையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இத்தாலி நாட்டவரான அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் நம் கொடைக்கானலில் தங்கியிருந்தபோது, சுற்றியிருந்த செடி கொடிகளையும் சிற்றுயிர்களையுமே பிள்ளைகளுக்குப் பாடப் பொருளாக்கினார். குழந்தை தன் கையால்தான் கற்கிறது என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய உண்மை. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, விளையாடுவது குழந்தையின் உரிமை என்கிறது. 1992இல் நம் நாடும் அதை ஏற்றுக்கொண்டது. ஆகையால் விளையாட்டு என்பது வேலை முடிந்தபின் பார்த்துக்கொள்ளும் காரியம் அன்று.

இனி ஒரு சிறு கணக்கு. இரண்டு வயதுக்கு முன் பிள்ளைக்கு விவரம் போதாது. ஆறு வயதுக்குப் பின் பள்ளிக்கூடமும் வீட்டுப்பாடமும் டியூஷனும் அவனைப் பிடித்துக்கொள்ளும். இடையில் இருப்பவை நான்கு ஆண்டுகள். அப்படியானால் உங்கள் மடியில் ஏறி விளையாடும் பிள்ளைக்கு நான்கு நுங்குக் காலம், நான்கு ஆடிக் காற்று, நான்கு ஐப்பசி மழை, நான்கு கிறிஸ்மஸ் குடில். அவ்வளவுதான் கணக்கு. "இந்த வருஷம் வேலை, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று ஒரு தடவை சொன்னால் கால் பங்கு போய்விட்டது. பருவம் அடுத்த ஆண்டும் வரும்; இந்த நான்கு வயது திரும்பி வராது. நான் சொல்ல வந்ததே இதுதான். மற்றதெல்லாம் வழிமுறை.

வெயில் காலம்

சித்திரை, வைகாசியில் பிள்ளைகளை நண்பகல் வெயிலில் விடக்கூடாது. காலையும் மாலையும் வெளியே; நடுப்பகல் திண்ணையிலும் மர நிழலிலும்.

அப்போது நுங்கு வருகிறது. சுளையை விரல் விட்டு நோண்டித் தின்னக் கற்றுக்கொடுப்பதே முதல் விளையாட்டு. சட்டை நனையும், நனையட்டும். தின்று முடித்த காய் இரண்டை எடுங்கள். ஒரு சாண் குச்சியின் இரு முனைகளிலும் அவற்றைச் செருகினால் சக்கரமும் அச்சும் ஆயிற்று. கவட்டையுள்ள நீளக் கம்பு ஒன்றைப் பார்த்து வெட்டி, அந்தக் கவட்டையை அச்சின்மேல் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். செலவு ஒன்றுமில்லை. கத்தி பிடிக்கும் வேலை தகப்பனுடையது. குச்சியைச் செருகும் வேலை பிள்ளையுடையது. இரண்டு காயும் ஒரே அளவாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஏன் என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவனே குனிந்து பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். அன்றைக்கு அவன் படித்த பாடம் அது.

புளி குத்தும் வீடுகளில் புளியங்கொட்டை குவிந்து கிடக்கும். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையோடு ஒற்றையா இரட்டையா விளையாடுங்கள். பரணில் கிடக்கும் பல்லாங்குழியை இறக்கித் துடையுங்கள். குழிகள் பதினான்கு, குழிக்கு ஐந்து வீதம் போட்டால் எழுபது கொட்டைகள். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகும் பிள்ளைக்கு எண்ணும் வரும், பொறுமையும் வரும். ஆனால் ஓர் எச்சரிக்கை. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்குக் கொட்டையோ, மணியோ, சோழியோ எட்டக் கூடாது. வாயில் போடும், மூக்கில் திணிக்கும். தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

காற்றுக் காலம்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மேற்கு மலைத் தொடரின் இடைவெளிகள் வழியாக அந்தக் காற்று நம் பக்கம் பாய்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பஸ்ஸில் போனவர்கள் முப்பந்தலில் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காற்றாலையை நம் பிள்ளை கையிலேயே கொடுத்துவிடலாம்.

விரலகலமுள்ள இரண்டு பனையோலைத் துண்டுகளைக் குறுக்காகக் கோத்து, நடுவில் ஓர் உடைமுள்ளைச் செருகி, அந்த முள்ளைச் சோளத்தட்டையின் முனையில் குத்திவிட்டால் ஓலைக் காற்றாடி தயார். முள்ளைச் செருகுவது பெரியவர் வேலை. பிறகு காற்றை எதிர்த்து ஓடச் சொல்லுங்கள். நின்றால் மெதுவாகச் சுற்றும், ஓடினால் வேகமாகச் சுற்றும். காற்று முதுகுப் பக்கம் வந்தால் மெதுவாகும். திசை என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிட இது எளிது. பனையில்லாத பட்டணத்து வீடாயிருந்தால் பழைய காலண்டர்த் தாள் போதும்.

பட்டம் விடுகிறவர்களுக்கு ஒரு சொல். சாதாரண நூலே போதும். மாஞ்சா நூலை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். இருசக்கர வண்டியில் முன்னால் அமர்ந்து வந்த குழந்தைகளின் கழுத்தை அறுத்த நூல் அது. நைலான் மாஞ்சாவுக்கு 2017இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமே நாடு முழுவதும் தடை விதித்திருக்கிறது.

மழைக் காலம்

ஐப்பசி, கார்த்திகையில் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "நனையாதே, சளி பிடிக்கும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறோம். இடி மின்னல் இல்லாத தூறலில், பத்து நிமிஷம் நனையவிட்டு, உடனே துவட்டி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். காகிதக் கப்பல் செய்யத் தெரியாத தகப்பன் இந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார். செய்து எத்தனை ஆண்டுகளாயிற்று என்றுதான் கேட்க வேண்டும்.

மழையை அளக்கவும் செய்யலாம். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை, மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வையுங்கள். காலையில் பிள்ளையோடு சேர்ந்து அடிக்கோலால் தண்ணீரின் உயரத்தை அளந்து, காலண்டரில் எழுதுங்கள். பத்து மில்லிமீட்டர் இருந்தால் பத்து மில்லிமீட்டர் மழை; வானொலியிலும் பத்திரிகையிலும் சொல்லும் கணக்கும் இதுவே. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். அப்படியானால் நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியில் பத்து மில்லிமீட்டர் மழை என்றால் ஆயிரம் லிட்டர். இந்தக் கணக்கு அண்ணன், அக்காமாருக்கு. சின்னப் பிள்ளைக்கு "நேற்றைவிட இன்றைக்கு அதிகம்" என்பதே போதும்.

மழை விட்டபின் இன்னொரு விளையாட்டு. வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கிய சிரட்டை, டப்பா, பழைய டயர் எத்தனை என்று தேடிக் கண்டுபிடித்துக் கவிழ்ப்பது. யார் அதிகம் கண்டுபிடித்தார்கள் என்று பார்ப்போம் என்றால் போதும், பிள்ளைகள் பறப்பார்கள். டெங்குக் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிட்டு, ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடுகிறது. வாரம் ஒரு தடவை இந்த விளையாட்டு நடந்தால் வீட்டுக்கே நன்மை. ஆனால் கிணறு, குளம், ஓடை, நிரம்பிய தொட்டி, குளியலறை வாளி — இவற்றின் அருகில் பிள்ளையை ஒரு நொடிகூடத் தனியே விடக்கூடாது.

பனிக் காலம்

மார்கழிப் பனியில் நம் வீடுகளில் குடில் வேலை தொடங்குகிறது. அசிசி நகர் புனித பிரான்சிஸ் 1223இல் கிரெச்சோ என்னும் ஊரில், வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்து முதன்முதலாக இக்காட்சியை அமைத்தார். கண்ணால் கண்டு உணர வேண்டுமென்பது அவர் எண்ணம். இப்போது பல வீடுகளில் குடில் கடையிலிருந்து வருகிறது. பிள்ளையை "தொடாதே, உடைந்துவிடும்" என்று தள்ளி நிறுத்துகிறோம். சுரூபங்கள் வாங்கியவையாக இருக்கட்டும். ஆட்டுக்குட்டி ஒன்றாவது பிள்ளை களிமண்ணில் பிசைந்ததாக இருக்கட்டும். அது ஆட்டைப் போல் இராது. அதையும் முன்வரிசையில் வையுங்கள்.

டிசம்பர் 10ஆம் தேதி வாக்கில் கேழ்வரகையோ கோதுமையையோ இரவு முழுவதும் ஊறவைத்து, மண் பரப்பிய தட்டில் தூவச் சொல்லுங்கள். நாள்தோறும் நீர் தெளிப்பது பிள்ளையின் பொறுப்பு. சில நாளில் முளைவிடும். திருநாளன்று குடிலில் பச்சைப் புல் இருக்கும். "இது நான் வளர்த்தது" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வான். தை பிறந்தால் வாசலில் கோலம். புள்ளி வைப்பதைப் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள். குருத்தோலை ஞாயிறு வரும்போது, மந்திரித்த ஓலை பீடத்தருகே இருக்கட்டும்; மீந்த ஓலையில் கிளியும், பாம்பும், கைக்கடிகாரமும் செய்யத் தாத்தா பாட்டியைக் கேளுங்கள். அவர்கள் விரல்கள் மறக்கவில்லை.

நேரம் எங்கே?

"டீச்சர், இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் தாய்மார் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் கை ஓயாது. ஆனால் வாய் சும்மா இருக்கிறது. விடுகதை போடலாம், கதை சொல்லலாம், வெளியே கேட்பது எந்தப் பறவையின் குரல் என்று கேட்கலாம். பிள்ளை புகையிலைத் தூள் படாத தூரத்தில் இருந்தால் போதும். தகப்பன்மார் பலர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். போனில் முகம் பார்த்துப் பேசும்போது "சாப்பிட்டாயா, படித்தாயா" என்பதோடு முடிக்காமல், "நுங்கு வண்டியை ஓட்டிக் காட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள். ஓட்டிக் காட்டுவதற்காகவே வீட்டில் வண்டி செய்வார்கள். தூரத்திலிருக்கும் தகப்பனும் அந்த விளையாட்டில் ஒருவராகிவிடுவார்.

அதே போனைச் சோறூட்டுவதற்காகப் பிள்ளையின் கையில் கொடுப்பதுதான் எனக்கு வருத்தம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதைக் கேளுங்கள். இரண்டு வயது நிறையும்வரை பிள்ளையைத் திரையின் முன் உட்கார வைக்கவே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குறைந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும். நுங்கு வண்டியும் காற்றாடியும் அந்த மூன்று மணி நேரத்தைக் கணக்குப் பார்க்காமலே கொடுத்துவிடும்.

நான் கேட்பது அதிகமில்லை. நாளுக்குக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் மூன்று காரியங்களை மட்டும் நினைவில் வையுங்கள். முதலாவது, பிள்ளை செய்யக்கூடியதை நீங்கள் செய்துவிடாதீர்கள். இரண்டாவது, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். மூன்றாவது, தரையில் உட்காருங்கள். நாற்காலியிலிருந்து பார்ப்பவர் மேற்பார்வையாளர். தரையில் உட்கார்ந்தவர்தான் விளையாட்டுத் தோழர்.

ஐம்பது ஆண்டுகளாக இந்தக் கோவிலைக் கட்டிக் காத்த பெரியவர்களை இன்று நன்றியோடு நினைக்கிறோம். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு இதைக் காக்கப்போகிறவர்கள் இதோ பந்தலுக்கு வெளியே மண்ணில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு விரையாதீர்கள். என்ன விளையாடுகிறீர்கள் என்று கேட்டு, ஐந்து நிமிஷம் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். மண் உதறினால் போய்விடும்.