செஸ்டோகோவா சென்ற இளைஞர்கள்

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் திருப்பயணத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். கத்தோலிக்க இளைஞர்கள் இலட்சக்கணக்கில் ஒன்றுகூடும் உலக இளையோர் நாளைப் பற்றி நம் பிள்ளைகளுள் சிலர் வினவியதுண்டு. அடுத்த கூட்டம் 2027 ஆகஸ்டில் தென்கொரியாவின் சியோல் நகரில் நடைபெறும் என அறிவிக்கப்பட்டுள்ளது. எல்லாக் கூட்டங்களின் வரலாற்றையும் இங்கே அடுக்கிச் சொல்லப் புகின் பொழுது போதாது. ஆகவே ஒன்றனை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது 1991-ஆம் ஆண்டு போலந்து நாட்டின் செஸ்டோகோவா நகரில் கூடியது. நாம் அங்குச் சென்று கண்டவரல்லோம். படித்தறிந்தவற்றையே உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலில் இவ்வழக்கம் தோன்றிய விதத்தைச் சுருங்கக் கூறுவோம். 1984-ஆம் ஆண்டு குருத்து ஞாயிறன்று உலகின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர்கள் ரோமாபுரியில் கூடினர். அவ்வாண்டு உயிர்ப்பு ஞாயிறாகிய ஏப்ரல் 22-ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் 3.8 மீட்டர் உயரமுள்ள ஓர் எளிய மரச்சிலுவையை இளைஞர் கையில் ஒப்படைத்து, அதனை உலகெங்கும் கொண்டுசெல்லுமாறு பணித்தார். மறு ஆண்டே அச்சிலுவை, கம்யூனிஸ்டு ஆட்சியின் கீழிருந்த பிராகு நகருக்கு, முதியவரான கர்தினால் தொமாஷெக் அவர்களிடம் கொண்டுசெல்லப்பட்டது. பின்னர் 1987-இல் அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்சிலும், 1989-இல் ஸ்பெயினின் சந்தியாகு நகரிலும் பன்னாட்டுக் கூட்டங்கள் நிகழ்ந்தன. அந்நகரங்களுக்குச் செல்லப் பணமும் கடவுச்சீட்டும் இருந்தால் போதுமானதாயிருந்தது. செஸ்டோகோவாவுக்கோ, ஒரு யுகமே மாறினாலன்றி அண்டை நாட்டு இளைஞன்கூட வந்திருக்க இயலாது.

அதனை விளங்கிக்கொள்ள, விருந்தோம்பிய மக்கள் எத்தகையவர் என்பதை நாம் அறிதல் வேண்டும். 1795-ஆம் ஆண்டு போலந்து நாடு மூன்று பேரரசுகளால் முழுதும் பங்கிடப்பட்டது. அதன்பின் 1918 வரை, 123 ஆண்டுகள், உலகப் படத்தில் அப்பெயரில் விடுதலை பெற்ற நாடே இல்லை. 1939 செப்டம்பரில் ஹிட்லரின் படை புகுந்தது. அவ்வாண்டு நவம்பர் 6-ஆம் நாள், கிராக்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களை ஒரு சொற்பொழிவுக்கென்று அழைத்து, வந்தவர்களைச் சிறைப்பிடித்தனர். அவ்வாறு பிடிக்கப்பட்டோர் 180-க்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர்.

ஆசிரியத் தொழில் புரிவோராகையால் இவ்விடத்தில் சற்றே நின்று செல்ல விரும்புகின்றோம். 1940-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹிட்லரின் தளபதி ஹிம்லர் எழுதிய குறிப்பொன்று இன்றும் உள்ளது. கீழை நாட்டு மக்களின் குழந்தைகளுக்கு எவ்வளவு கல்வி தரலாம் என்பதை அதில் அவர் வரையறுத்தார். 500 வரை எண்ணத் தெரிந்தால் போதும். தன் பெயரை எழுதினால் போதும். ஜெர்மானியருக்குக் கீழ்ப்படிவது கடவுளின் கட்டளை என்று கற்பித்தால் போதும். படிக்கத் தெரிய வேண்டுவதில்லை என்பது அவர் கருத்து. ஒரு கூட்டத்தாருக்கு எழுத்தறிவு ஆகாது என்று விதிப்போரின் நோக்கம் யாது என்பதை இந்த அவையில் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாட்டனார் பாட்டியாரிடம் கேட்டறிந்தோர் பலர் இங்கே அமர்ந்திருக்கின்றீர்கள்.

போலந்து மக்கள் அவ்வாணைக்குப் பணியவில்லை. வீட்டு அறைகளில் மறைவாகப் பள்ளி நடத்தினர். பல்கலைக்கழகப் பாடங்களையும் அவ்வாறே நடத்தினர். பிடிபட்டால் வதைமுகாம் அல்லது மரணம். கல்லுடைக்கும் சுரங்கத்தில் கூலி வேலை செய்திருந்த கரோல் வொய்த்திவா என்னும் இளைஞர் 1942-இல் கிராக்கோவின் மறைமுகக் குருமடத்தில் சேர்ந்து பயின்றார். அவரே பிற்காலத்தில் இரண்டாம் ஜான்பால் என்னும் பெயருடன் திருத்தந்தையானார். இளைஞர் கையில் சிலுவையைக் கொடுத்தவர் ஒளிந்திருந்து கல்வி கற்றவர் என்பதை இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்க.

போருக்குப் பின் கம்யூனிஸ்டு ஆட்சி ஏற்பட்டது. செஸ்டோகோவாவின் யஸ்னகூரா மடத்தில் மாதாவின் பழைய திருவுருவப் படம் ஒன்று உள்ளது. முகம் கருநிறம், கன்னத்தில் வெட்டுத் தழும்புகள். வெள்ளை நிறத்தவராகிய அம்மக்கள் கறுத்த முகமுடைய அன்னையைத் தங்கள் அரசியென்று வணங்குகின்றனர். நம்மூர்ச் சுவர்களில் தொங்கும் படங்களின் நிறத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் சுவையானது.

அப்படத்தின் படி ஒன்று 1957 முதல் பங்கு பங்காக நாடெங்கும் வலம் வந்தது. 1966-இல் ஆட்சியாளர் அதனைக் கைப்பற்றி, மடத்திலேயே வைத்து, வெளியே செல்லவிடாமல் காவலிட்டனர். மக்கள் என்ன செய்தனர்? படமில்லாத வெறும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். 1972 வரை இவ்வாறு நடந்தது. வெறும் சட்டத்தின் முன் விழுந்து வணங்கிய மக்களைக் காவல் துறையினர் எந்தச் சட்டத்தின்கீழ்த் தடுப்பர்?

வார்சாவிலிருந்து இம்மடத்திற்கு நடைப்பயணம் செல்லும் வழக்கம் 1711-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு நேர்ச்சையாகத் தொடங்கியது. ஏறத்தாழ 240 கிலோமீட்டர்; ஒன்பது நாள் நடை. வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் நம் பிள்ளைகளுக்குக் கால் கொப்புளம் புதியதன்று. ஆயின் அங்கே வழிநெடுகக் குடியானவர்கள் தண்ணீரும் உணவும் தந்து, வீட்டிலும் வைக்கோற் போரிடத்திலும் படுக்க இடம் அளிப்பர். வருபவர் இன்னார் என்று விசாரித்த பின் திண்ணை காட்டுவதில்லை.

இனி 1991-க்கு வருவோம். 1989 நவம்பரில் பெர்லின் மதில் விழுந்தது. அதற்கு முன்பே, அவ்வாண்டு ஜூன் தேர்தலில் போலந்து மக்கள் ஆட்சி மாற்றத்திற்கு வழி திறந்தனர். 1991 ஆகஸ்டு 14, 15 நாள்களில், மாதாவின் விண்ணேற்புப் பெருவிழாவையொட்டி, அக்காலத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் வாழ்ந்த அந்நகரில் பதினைந்து இலட்சம் பேர் வரை கூடினர் எனக் கணக்கிடப்படுகின்றது. மேலைநாட்டு இளைஞர்கள் முதன்முறையாகப் பழைய இரும்புத்திரையைத் தாண்டிப் பெருந்திரளாக வந்தனர். அதனினும் பெரிது, கிழக்கிலிருந்து, சோவியத் நாட்டிலிருந்து, பல்லாயிரவர் வந்ததாகும்.

அவர்களுள் லித்துவேனியர் இருந்தனர். அவ்வாண்டு ஜனவரி 13-ஆம் நாள்தான் அவர்தம் தலைநகராகிய வில்னியசில், தொலைக்காட்சிக் கோபுரத்தைக் காத்து நின்ற மக்களைச் சோவியத் படை தாக்கியதில் 14 பேர் மாண்டிருந்தனர். உக்ரேனியரும் இருந்தனர். 1946-இல் தடைசெய்யப்பட்ட அவர்தம் திருச்சபை, 1989-இன் இறுதி வரை காட்டிலும் வீட்டிலும் மறைவாகவே வழிபட்டு வந்தது. ஞானஸ்நானம் பெற்றதை அண்டை வீட்டாருக்கும் சொல்லாமல் வளர்ந்த பிள்ளைகள், இலட்சம் பேர் நடுவில் வாய்விட்டுச் செபம் சொன்னால் அவர்கள் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்!

அக்கூட்டத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட கருப்பொருளும் பொருத்தமாக அமைந்தது. புனித பவுல் ரோமருக்கு எழுதிய மடலிலிருந்து, நீங்கள் பெற்றது அடிமையின் அச்சமன்று, பிள்ளைகளின் உரிமையே என்னும் கருத்து எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆகஸ்டு 14 இரவு விழிப்பு வழிபாட்டில், இருத்தல், நினைத்தல், விழித்திருத்தல் என்னும் மூன்று வினைகளை வைத்துத் திருத்தந்தை உரையாற்றினார். சிலுவையும் விவிலியமும் மாதாவின் படமும் அம்மூன்றற்கும் அடையாளங்களாக நிறுத்தப்பட்டன. நினைத்தல் என்பதை நடுவில் வைத்தது நமக்குப் பிடித்திருக்கின்றது. அடக்கப்பட்ட மக்களிடமிருந்து முதலில் பறிக்கப்படுவது அதுதான்.

இத்தகைய கூட்டங்களில் குறையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. சில நாள் எழுச்சி ஊர் திரும்பியதும் அடங்கிவிடுகின்றது என்பாரைப் பொய்யரென்று தள்ள முடியாது. ஏழை நாட்டு இளைஞர்க்குப் பயணச் செலவு மலைபோல் நிற்கின்றது. விசா மறுக்கப்பட்டவர்களும் உளர். பதிவுக் கட்டணத்தை நாட்டின் வளத்திற்கேற்பக் கூட்டியும் குறைத்தும் வைக்கின்றனர். வசதியுள்ளோர் தரும் நன்கொடையால் ஏனையோர்க்கு உதவும் நிதியும் உண்டு. எனினும் அது விமானச் சீட்டுக்கு ஈடாகாது. பள்ளிக்கூடத் தரையில் ஒரே வரிசையில் படுத்து ஒரே உணவுப் பொட்டலத்தை உண்ணும் சமத்துவம் மெய்யானதே. ஆனால் அத்தரை வரை வந்து சேர்வதில் சமத்துவம் இன்னும் வரவில்லை. சியோல் செல்ல விரும்பும் நம் பிள்ளைகள் கடவுச்சீட்டுக்கு இப்பொழுதே விண்ணப்பிக்கட்டும். பங்குக் குருவிடமும் மறைமாவட்ட இளைஞர் பணிக்குழுவிடமும் நேரில் சென்று கேட்கட்டும். எவ்வழியாகத் தேர்வு செய்கின்றீர்கள் என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டுவதில்லை.

செஸ்டோகோவா சென்றவர்கள் ஊர் திரும்பிச் சில நாள்கூட ஆகவில்லை. ஆகஸ்டு 19-ஆம் நாள் காலையில் மாஸ்கோ வீதிகளில் டாங்கிகள் நின்றன. பழைய ஆட்சியை மீட்க விரும்பியவர்கள் அதிகாரத்தைக் கைப்பற்ற முயன்றனர். மூன்று நாளில் அம்முயற்சி தோற்றது. செப்டம்பர் 6-ஆம் நாள் லித்துவேனியாவின் விடுதலையை மாஸ்கோவே ஏற்றுக்கொண்டது. டிசம்பரில் சோவியத் ஒன்றியமே கலைந்தது. லித்துவேனியாவின் ஷவ்லை நகருக்கருகே சிலுவைகள் நிறைந்த குன்று ஒன்று உண்டு. ஆட்சியாளர் அதனைப் பலமுறை எந்திரம் கொண்டு இடித்துத் தள்ளினர். மக்கள் இரவோடிரவாக மீண்டும் சிலுவைகளை நட்டனர். 1993 செப்டம்பர் 7-ஆம் நாள் அக்குன்றுக்குத் திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் தாமே பயணியாகச் சென்று செபித்தார்.