வளைந்த பால்வெளியும் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளும்



நாம் வாழும் பால்வெளி மண்டலத்தைப் பாடப்புத்தகங்கள் தட்டையான வட்டத் தட்டாகவே வரைகின்றன. உண்மையில் அந்தத் தட்டின் விளிம்பு வளைந்திருக்கிறது. ஒரு பக்கம் மேலே எழும்புகிறது. எதிர்ப்பக்கம் கீழே சரிகிறது.

இந்த வளைவை முதலில் காட்டிக்கொடுத்தவை ரேடியோ அலைகள். விண்வெளியில் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ரேடியோ அலையை வெளியிடுகின்றன. விண்மீன்களின் ஒளியை மறைத்துவிடும் தூசியையும் தாண்டி அது நம்மை வந்து சேரும். அதைப் பின்தொடர்ந்துதான், 1957இல் ஆஸ்திரேலியாவில் ஃபிராங்க் கெர்ரும் அமெரிக்காவில் பெர்னார்ட் பர்க்கும் தனித்தனியே இந்த வளைவைக் கண்டார்கள். 2019இல் போலந்து வானியலாளர்கள், சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸ் மலையிலிருந்து ஆராய்ந்து, தொலைவை அளக்க உதவும் செஃபீட் என்ற இளம் விண்மீன்கள் சுமார் 2,400ஐக் கொண்டு முப்பரிமாண வரைபடமே தயாரித்தார்கள். வாயு மட்டுமல்ல, இளம் விண்மீன்களும் அதே வளைவில் இருப்பது அதில் தெரிந்தது.

சூரியன் பால்வெளியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதைத் தாண்டி வெளியே போகப் போக வளைவு கூடுகிறது. விளிம்பில் தட்டு தன் தளத்திலிருந்து பல ஆயிரம் ஒளியாண்டு விலகிவிடுகிறது.

இவ்வளவு பெரிய தட்டை வளைத்தது எது? சுமார் 1,60,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள பெரிய மெகல்லன் மேகம் என்ற சிறிய அண்டத்தின் மேல்தான் முதலில் சந்தேகம் விழுந்தது. ஆனால் அதன் நேரடி ஈர்ப்பு போதாது என்று கணக்குகள் சொல்லின.

இங்கேதான் கரும்பொருள் வருகிறது. அது ஒளியை வெளியிடுவதில்லை, மறைப்பதுமில்லை. அண்டங்களின் வெளிப்புற விண்மீன்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுற்றுவதை 1970களில் வேரா ரூபின் அளந்து காட்டினார். கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. பால்வெளியின் நிறையில் பெரும்பகுதி, தட்டைச் சூழ்ந்து பரந்திருக்கும் கரும்பொருள்தான்.

2006இல் மார்ட்டின் வைன்பெர்க், லியோ பிளிட்ஸ் இருவரும் ஒரு விளக்கம் தந்தார்கள். ஏரியில் ஒரு படகு தள்ளிப் போனாலும், அது எழுப்பிய அலை வந்து கரையோரத் தாமரை இலையை ஆட்டுகிறது அல்லவா? அதுபோல மெகல்லன் மேகம் கரும்பொருளைக் கலக்க, அந்தக் கலக்கம் வந்து தட்டை அசைக்கிறது என்றார்கள். 2023இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் வேறொன்றைச் சொன்னார்கள்: தட்டைச் சூழ்ந்த கரும்பொருள் திரளே தட்டுக்கு 25 பாகை அளவு சாய்ந்திருந்தால் போதும், இப்படியொரு வளைவு உருவாகிவிடும்.

எது சரி? வளைவு நிலையாக இல்லை, மெல்லத் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த வேகத்தில்தான் விடை இருக்கிறது. விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் தரவுகளை வைத்து 2020இல் வந்த கணிப்பு, வளைவு 60 முதல் 70 கோடி ஆண்டுகளில் ஒருமுறை சுற்றிவரும் என்றது. அண்மையில் வேறோர் அண்டம் மோதியிருக்கலாம் என்றும் கருதியது. 2024இல் செஃபீட் விண்மீன்களை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தவர்களோ, எதிர்த்திசையில் மிக மெதுவான நகர்வையே கண்டார்கள்.

இந்த முரண்பாடு தீர்வது முக்கியம், நேயர்களே. எந்தத் தொலைநோக்கியும் கரும்பொருளை நேரில் படம் பிடித்ததில்லை. அது உருண்டையா, நசுங்கியதா, சாய்ந்ததா என்பதை அதன் ஈர்ப்பு எதை அசைக்கிறது என்று பார்த்தே அறிய முடியும். நம் மண்டலத்தின் வளைவு அதற்குக் கிடைத்த அருமையான அளவுகோல். அதன் வேகத்தைப் பிழையின்றி அளந்துவிட்டால், கரும்பொருளின் வடிவத்தையும் கணக்கிட்டுவிடலாம்.