நூதனசாலை யாருக்கு?



சென்னை எழும்பூரிலே உள்ள அரசாங்க நூதனசாலையை அந்நகரத்துச் சாதாரண மக்கள் நெடுங்காலமாகச் 'செத்த காலேஜ்' என்றே அழைத்து வந்தனர். மிருகக்காட்சிச்சாலைக்கு அவர்கள் இட்ட பெயர் 'உயிர்க் காலேஜ்'. 1851 இல் தோன்றிய அந்த நூதனசாலையின் வளவிலேதான் 1855 இல் மிருகக்காட்சிச்சாலையும் ஆரம்பமாயிற்று. ஒரு பக்கம் உயிருள்ளவை, மறுபக்கம் பஞ்சடைத்தவை. பாமர மக்களின் வேடிக்கைப் பேச்சு என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆயினும் அந்தப் பெயரினுள் கூர்மையான ஒரு விமர்சனம் இருக்கிறது. அது கற்கும் இடம் என்பதை அந்த மக்கள் ஒப்புக்கொண்டார்கள். அங்கே உள்ளவை தங்களோடு பேசவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டார்கள்.

இலங்கைத் தமிழர்களாகிய நாம் 'நூதனசாலை' என்கிறோம். நூதனம் என்றால் புதுமை. பழையன எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கும் வீட்டுக்குப் புதுமையின் பெயர் வாய்த்தது விந்தைதான். இந்த இரண்டு பெயர்களையும் மனதில் இருத்திக்கொண்டு இன்றைய விடயத்துக்கு வருவோம்.

நூதனசாலையைப் பற்றிப் பல்கலைக்கழகத்திலே பட்டப்பின் படிப்புப் படிக்க முடியுமா, அதிலே படிக்க என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. சாமான்களைத் துடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கு முதுமாணிப் பட்டம் எதற்கு என்பது அவர்களுடைய ஐயம்.

இந்தியாவிலே பரோடா பல்கலைக்கழகம் 1952 இலேயே இத்துறைக்கு இடமளித்தது. இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகம் 1966 இல் நூதனசாலையியலுக்கெனத் தனித்துறை ஒன்றை அமைத்தது. அதற்கு முன்னர் பெரும்பாலும் குருகுல முறைதான். தாவரவியலோ வரலாறோ படித்த ஒருவர் நூதனசாலையில் சேர்வார். மூத்தவர் ஒருவரின் கீழிருந்து தொழில் பழகுவார். பொருளை அறிந்தவரே அதன் காப்பாளர். அங்கே வந்து போகும் மனிதரைப் பற்றி அவர் அறிந்திருக்க வேண்டும் என்று பெரிதாக எவரும் எதிர்பார்க்கவில்லை.

பட்டப்பின் படிப்பிலும் முதலில் பொருள்தான் வருகிறது. ஓலைச்சுவடி, துணி, நீர்வர்ண ஓவியம் போன்றவற்றின் மேல் ஐம்பது லக்சுக்கு மேல் ஒளி படலாகாது என்பதும், காற்றின் ஈரம் ஏறி இறங்கினால் மரம் வெடிக்கும் என்பதும், பதிவேட்டில் இலக்கமிடப்படாத பொருள் பாதி தொலைந்த பொருள் என்பதும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. இவை அவசியமான பாடங்கள். ஆனால் கடந்த அரை நூற்றாண்டில் இந்தப் படிப்பின் நடுப்புள்ளி மெல்ல மெல்ல இடம்பெயர்ந்துள்ளது. பொருளை எவ்வாறு காப்பது என்ற கேள்வியோடு இன்னும் மூன்று கேள்விகள் வந்து சேர்ந்தன. இது யாருடையது? எப்படி இங்கு வந்தது? இதைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்கு உண்டு?

இக்கேள்விகள் வகுப்பறையில் மட்டும் பிறந்தவை அல்ல. இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, அமெரிக்கத் தலைநகர் வொஷிங்டனிலே கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த அனகோஸ்தியா என்னும் பகுதி. 1967 இல் அங்கே பழைய சினிமாக் கொட்டகை ஒன்றில் ஒரு சிறு நூதனசாலை திறக்கப்பட்டது. பெருநூதனசாலைகளுக்கு வராத மக்களிடம் நூதனசாலையே போகட்டும் என்பது நோக்கம். 1969 இல் அங்கே ஒரு கண்காட்சி நடந்தது. அதன் பொருள் என்ன தெரியுமா, நேயர்களே? எலி! அப்பகுதிப் பிள்ளைகளின் வீடுகளில் எலித் தொல்லை பெரும் துன்பமாக இருந்தது. எலி எங்கிருந்து வருகிறது, ஏன் நம் தெருவில் மட்டும் இத்தனை, அதை ஒழிக்க யார் என்ன செய்யவேண்டும் என்பவற்றை அந்தக் கண்காட்சி பேசியது. பொன்னும் மணியும் வைக்கும் பெட்டியிலே எலியை வைப்பதா என்று முகம் சுளித்தவர்கள் இருந்திருக்கலாம். தன் வீட்டுத் துன்பம் அறிவுக்குரிய பொருளாக மதிக்கப்படுவதை முதன்முதலில் கண்ட ஒரு பிள்ளைக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரம். அங்கே 'ஆறாம் வட்டாரம்' என்று ஒரு பகுதி. பல இனத்தவர், பல மதத்தவர் நெருங்கி வாழ்ந்த இடம். லெஸ்டரிலே நூதனசாலையியல் துறை தொடங்கிய அதே 1966 ஆம் ஆண்டின் பெப்ரவரியில், இனஒதுக்கல் அரசு அந்த வட்டாரத்தை வெள்ளையருக்கு மட்டுமே உரிய பகுதியாகப் பிரகடனம் செய்தது. அதன் பின்னான ஆண்டுகளில் அறுபதாயிரத்துக்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டனர். கோவில்களும் பள்ளிவாசல்களும் சில எஞ்ச, வீடுகள் தரைமட்டமாக்கப்பட்டன.

இனஒதுக்கல் ஆட்சி முடிவுற்ற 1994 ஆம் ஆண்டிலே, பழைய மெதடிஸ்த தேவாலயம் ஒன்றில் ஆறாம் வட்டார நூதனசாலை திறக்கப்பட்டது. அங்கே மன்னர் முடி இல்லை, தங்கச் சிலை இல்லை. இடிக்கப்பட்ட தெருக்களின் பெயர்ப்பலகைகள் தொங்கின. இடிப்பு வேலையோடு தொடர்புடைய ஒருவரே அவற்றை எறிந்துவிட மனமின்றிப் பல்லாண்டு காலம் பாதுகாத்து வைத்திருந்தார். தரையிலே அந்த வட்டாரத்தின் பெரிய வரைபடம் விரிக்கப்பட்டிருந்தது. பழைய குடியிருப்பாளர்கள் வந்தார்கள். குனிந்து தங்கள் தெருவைத் தேடினார்கள். தங்கள் வீடு இருந்த இடத்தில் தங்கள் கையாலேயே பெயரை எழுதினார்கள். அங்கே காட்சிப்பொருள் எது, பார்வையாளர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

இத்தகைய அனுபவங்கள் உலக நிறுவனங்களின் மொழியையும் மாற்றின. சர்வதேச நூதனசாலைகள் பேரவை 1946 இல் அமைக்கப்பட்டது. 1972 இல் சிலி நாட்டின் சந்தியாகோ நகரில் நடைபெற்ற வட்டமேசை மாநாட்டில், நூதனசாலை சமூகத்தின் பிரச்சினைகளோடு பிணைந்தது என்ற கருத்தை இலத்தீன் அமெரிக்க அறிஞர்கள் வலியுறுத்தினர். இரண்டாண்டுகளின் பின் 1974 இல், பேரவையின் வரைவிலக்கணத்தில் சமூகத்துக்குச் சேவை செய்தல் என்ற கருத்து இடம்பெற்றது. 2019 இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் புதிய வரைவிலக்கணம் ஒன்று முன்வைக்கப்பட்டபோது பெரும் வாக்குவாதம் மூண்டது, வாக்கெடுப்பே பிற்போடப்பட்டது. நூதனசாலை என்பது ஆய்வு நிலையமா, சமூக இயக்கமா என்பதே சண்டையின் சாரம். ஈற்றில் 2022 ஓகஸ்ட் மாதம் பிராக் நகரில், இரண்டையும் அணைத்துச் செல்லும் ஒரு வாசகம் நிறைவேறியது. எல்லோரும் அணுகக்கூடியதாக, எவரையும் விலக்காததாக, சமூகங்களின் பங்களிப்போடு இயங்குவதாக நூதனசாலை இருக்கவேண்டும் என்கிறது அது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். நம் வாசலுக்கே வருவோம்.

கொழும்பு தேசிய நூதனசாலை 1877 சனவரி முதலாம் திகதி திறக்கப்பட்டது. ஆளுநர் வில்லியம் கிரகரியின் முயற்சி; கட்டி எழுப்பியவர் வாப்பிச்சி மரிக்கார். அங்கே ஒரு கல் நிற்கிறது. 1911 இல் காலியிலே கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்களில் வந்த அக்கல்லிலே 1409 ஆம் ஆண்டுக்குரிய திகதி பொறிக்கப்பட்டுள்ளது. சீன மொழியிலே புத்தருக்குச் செலுத்திய காணிக்கை கூறப்படுகிறது. தமிழிலே தேனாவரை நாயனாருக்குச் செலுத்திய காணிக்கை. தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த திருமாலே அந்த நாயனார். பாரசீகத்திலே இஸ்லாத்தின் வழிநின்ற காணிக்கை. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூன்று பட்டியலும் ஏறத்தாழ ஒன்றே.

நூதனசாலையியல் மாணவர் ஒருவரிடம் இக்கல்லுக்கு நூறு சொல்லில் ஒரு குறிப்புப் பலகை எழுதித் தரும்படி கேட்டால் அவர் எதை எழுதுவார்? மத நல்லிணக்கத்தின் சின்னம் என்று எழுதலாம், பொய்யில்லை. ஆனால் அதே செங் ஹோ 1411 இல் இந்நாட்டு ஆட்சியாளரான அழகேஸ்வரனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டு சென்றார் என்பதை விட்டுவிடலாமா? தமிழ்ப் பகுதி போற்றும் அந்தக் கோயில் 1588 இல் போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டது என்பதைச் சொல்லவேண்டாமா? தென்முனைக் கோயில் ஒன்றுக்கான காணிக்கையைத் தமிழில் எழுதக் காரணமென்ன என்று ஒரு சிறுவன் கேட்டால் விடை எங்கே? எதைச் சொல்வது, எதை விடுவது, எந்த மொழியை மேலே வைப்பது என்னும் ஒவ்வொரு தீர்மானமும் ஒரு வரலாற்றுத் தீர்ப்பு. ஒரு சிறுகதையாசிரியர் ஒரு சொல்லுக்காக இரவெல்லாம் விழித்திருப்பதை நாம் மதிக்கிறோம். குறிப்புப் பலகை எழுதுபவரின் பொறுப்பும் அதனிற் குறைந்ததன்று. கதையைப் படிப்பவர் அது கதை என்று அறிவார். பலகையைப் படிப்பவரோ அதை உண்மை என்றே கொள்வார். ஆகவேதான் இதற்குப் படிப்பு வேண்டும் என்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏட்டுச்சுவடிகளும் மீளப்பெற முடியாத நூல்களும் சாம்பலாயின. 1990 இல் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1995 இல் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்தார்கள். அவர்களிற் பலர் கையிலே எடுத்துச் சென்றவை எவை? காணி உறுதி, கல்யாணப் படம், பிள்ளையின் பிறப்பத்தாட்சி, பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்பு. வீடே இல்லாமற் போன பின்னும் அந்தத் திறப்பை எறியாமல் வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்தத் திறப்பை நாம் எந்த அலுமாரியில் வைக்கப் போகிறோம்? அந்தியேட்டியன்று அச்சிட்டு வழங்கும் 'கல்வெட்டு'ப் புத்தகங்கள் எத்தனை பரண்களில் கறையானுக்கு இரையாகின்றன! ஓர் ஊரின் வம்சாவழி, தொழில், புலவர் மரபு எல்லாம் அவற்றினுள்ளே உண்டு. இலக்கமிட்டு, வரிசைப்படுத்தி, பேசவைக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் ஒரு பாடசாலை அறையே நூதனசாலையாகும். களனிப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொல்லியலுக்கான பட்டப்பின் படிப்பு நிறுவகம் 1986 முதல் இயங்கி வருகிறது. மண்ணுக்குக் கீழே கிடப்பவற்றை ஆராய நம்மிடம் ஆட்கள் உண்டு. மண்ணுக்கு மேலே, மனிதரின் கையிலும் பரணிலும் இருப்பவற்றைக் காக்கவும் தமிழிலே விளக்கவும் நம் இளைஞர்கள் முன்வரவேண்டும். நினைவுள்ளவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள், தாமதத்துக்கு இடமில்லை.

நேயர்களே, அடுத்த முறை நூதனசாலைக்குப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். பொருளைக் காட்டிய பின் பலகையையும் வாசிக்கச் சொல்லுங்கள். இதில் யார் பேசுகிறார்கள், யார் பேசவில்லை என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறி உங்கள் அப்பு, ஆச்சியின் கல்வெட்டைத் தேடி எடுத்துத் தூசி தட்டுங்கள்.