கூலியை முதலில் பேசுங்கள்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்பிற்கினிய சகோதரர்களே! அளவையிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டும் என்று அடிக்கடி கேட்கிறோம். தராசில் வைக்க முடியாததை விற்பவர்களும் இன்று நம்மில் பெருகியுள்ளனர். ஒரு மேசையும் கணினியும் வைத்து, வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. பதிவு, தொழில் ஆலோசனை என்று உழைக்கும் இளைஞர்கள் அவர்கள். அறிவுக்கும் உழைப்புக்கும் அவர்கள் எப்படி விலை சொல்வது?

“சொந்தக்காரர்தானே, வேலை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்று தொடங்குகிறார்கள். முடிந்தபின், கொடுப்பவருக்கு அதிகமாகவும் வாங்குபவருக்குக் குறைவாகவும் தோன்றுகிறது. ஸலாமும் நின்றுபோகிறது. வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்ட ஒரு தொகை, இரத்த உறவையே துண்டித்துவிடுகிறது.

திருக்குர்ஆனின் 28ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். மத்யனில் அடைக்கலம் தேடிவந்த மூஸா (அலை) அவர்களுக்குத் தம் மகளை மணமுடித்துத் தர முன்வந்த பெரியவர், எட்டு ஆண்டு ஊழியம் என்றும், பத்தாக நிறைவு செய்வது அவர் விருப்பம் என்றும் முன்கூட்டியே தெளிவுபடுத்தினார். மாமனாரும் மருமகனும் ஆகப்போகிறவர்களே எதையும் பேசாமல் விடவில்லை!

மார்க்கச் சட்டத்தில் இது ‘இஜாரா’. வேலையோ காலமோ அறியப்பட்டிருக்க வேண்டும். கூலியும் அறியப்பட்டிருக்க வேண்டும். வேலையின் எல்லை தெரிந்தால் மொத்தக் கூலி பேசுங்கள். எல்லை தெரியாவிட்டால் மணிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். தொடர்ந்து வரும் வேலைக்கு மாதக் கூலி பேசுங்கள். பேசாமலே வேலை முடிந்துவிட்டால், அத்தகைய வேலைக்கு வழக்கத்தில் உள்ள கூலியே உரியது என்பர் சட்ட அறிஞர்கள். அது வழக்கைத் தீர்க்கும் வழி; தொழில் நடத்தும் வழியன்று.

யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில், அரசரின் குவளையைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் அறிவிக்கப்பட்டது. பலன் கிடைத்தால் கூலி என்னும் ‘ஜுஆலா’வுக்கு ஷாஃபிஈ அறிஞர்கள் இதை ஆதாரமாகக் காட்டுவர், ஹனஃபீ மத்ஹபில் அதற்கு இடம் குறுகியது. அங்கும் வெகுமதி இன்னதென்று முன்பே சொல்லப்பட்டதைக் கவனியுங்கள். “வரியைக் குறைத்துத் தருகிறேன், குறைந்ததில் பாதி எனக்கு” என்னும் பேச்சு அப்படிப்பட்டதன்று. தொகை இருவருக்கும் தெரியாது. பொய்க் கணக்கு எழுதும் ஆசையையும் அது தூண்டும்.

இன்னொன்று. ஜி.எஸ்.டி. பதிவுக்கும் உத்யம் பதிவுக்கும் அரசு கட்டணம் வாங்குவதில்லை. அதை ‘அரசுக் கட்டணம்’ என்று சொல்லி வாங்கினால் அது கூலியன்று, பொய்க்குக் கிடைத்த காசு. “அரசுக்கு ஒன்றுமில்லை, என் உழைப்புக்கு 1,000 ரூபாய்” என்று சொல்வதில் என்ன இழிவு? ஏழை விதவைக்கு இலவசமாகச் செய்வதானால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடன்பட்டோமோ என்று அவர் மனம் வாடாது.

வேலை வாங்குவோரே! முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரிப்பதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். புகாரீயில் பதிவான ஹதீஸ் அது. ஆலோசனை கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக அதன் கூலி கடனில்லை என்று ஆகிவிடாது.

பேசியதை இரண்டு வரி எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். வல்ல நாயன் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.