திருத்திக் காட்டும் கை

(பட்டிமன்றத் தலைப்பு: பணியிடத்தில் தவறு செய்தவர் இழந்த நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது ஒப்புக்கொள்ளும் வாயாலா, திருத்திக் காட்டும் கையாலா? இடம்: கொடைக்கானல். ‘கையாலே’ என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! வாயை நம்பி வந்திருக்கும் எதிரணி நண்பர்களே! கையை நம்பி என் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழர்களே! இந்தக் குளிரிலும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தமிழ் கேட்க வந்திருக்கும் கொடைக்கானல் பெருமக்களே! வீட்டில் தொலைக்காட்சி முன்னால் கூடியிருக்கும் குடும்பத்தாரே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி எவ்வளவு அழகாகச் சொன்னாங்க! “தப்பு பண்ணிட்டேன்னு வாயைத் திறந்து சொல்லிட்டா பாதிப் பிரச்சினை தீர்ந்துரும்”னாங்க. நான் மறுக்கலை நடுவர் அவர்களே. பாதிதான் தீரும்! மீதிப் பாதியை யார் வந்து தீர்க்கிறது?

வீட்டுல ஒரு நாள் அம்மா வெளியே போறாங்க. “என்னங்க, அடுப்புல பால் இருக்கு, பார்த்துக்குங்க”ன்னு சொல்லிட்டுத்தான் போறாங்க. நம்ம ஆள் பேப்பரைப் பார்க்கிறார். பால் பொங்கி, அடுப்பை நனைச்சு, மேடையெல்லாம் ஓடி, தரைக்கு வந்து இவர் காலைத் தொட்ட பிறகுதான் இவருக்குத் தெரியுது. அம்மா வந்ததும், “மன்னிச்சுக்கம்மா, என் தப்புதான்”னு மனசாரச் சொல்றார். சொல்லிட்டு? மறுபடியும் பேப்பரை எடுத்துட்டார்! (சிரிப்பு) மன்னிப்பு அடுப்பைத் துடைக்குமா நடுவர் அவர்களே? துணியை எடுத்துக் கைதானே துடைக்கணும்? அடுத்த முறை அந்த அம்மா இவரை நம்பிப் பாலை வைப்பாங்களா?

வள்ளுவப் பெருந்தகை தவறுகளைப் பற்றிச் சொல்லக் குற்றங்கடிதல் என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதோடு விட்டாரா? யாரை நம்பி வேலையைக் கொடுக்கலாம் என்று சொல்லத் தெரிந்துதெளிதல் என்று இன்னோர் அதிகாரமும் வைத்தார். அந்த அதிகாரத்தில், ஒருவன் பெரியவனா சிறியவனா என்று பார்க்க என்ன உரைகல் கொடுத்தார்? அவனவன் செய்கிற செயலைத்தான் கொடுத்தார். பேச்சைக் கொடுக்கவில்லை.

எதிரணித் தலைவர் ஒரு பெரிய சான்றைக் கொண்டுவந்தார். 1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கிளம்பி, சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் நம்ம ராமேசுவரத்து அப்துல் கலாம். பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய்ப் பழியைத் தன் தோளில் சுமந்தவர் தலைவர் சதீஷ் தவான். கலாம் பல மேடைகளில் நெகிழ்ந்து சொன்ன செய்தி இது. “பார்த்தீர்களா, ஒப்புக்கொண்ட வாயின் பெருமையை!” என்று கேட்டார் எதிரணித் தலைவர்.

ஐயா, அந்தக் கதையைப் பாதியில் நிறுத்திட்டீங்களே! தவான் பேசின மறுநாளே நாடு நம்பிருச்சா? அந்தக் குழு என்ன செஞ்சுது? விழுந்தது ஏன்னு துருவிப் பார்த்தாங்க. இரண்டாம் கட்டத்துக் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருந்த கோளாறைக் கண்டுபிடிச்சாங்க, சரி பண்ணினாங்க. 1980 ஜூலை 18-ஆம் நாள் அதே எஸ்.எல்.வி.-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் வைத்தது. நம்பிக்கை திரும்பி வந்த தேதி எது? வாய் பேசின தேதியா, கை முடிச்ச தேதியா? (கைதட்டல்)

வெளியூர் எதுக்கு? இந்த மலையையே சாட்சிக்குக் கூப்பிடுறேன். பழனி மலைத்தொடரின் உச்சி ஒரு காலத்தில் எப்படி இருந்தது? பள்ளத்தில் சோலைக்காடு, மேட்டில் புல்வெளி. மழையைக் குடிச்சு வெச்சுக்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா ஓடைக்கு விடுகிற மலை. “வெறும் புல்லாக் கிடக்குதே, மரம் நடலாமே”ன்னு நல்ல எண்ணத்தோடுதான் ஆரம்பிச்சாங்க. தோல் பதனிட வாட்டில், மரக்கூழுக்கும் தடிக்கும் தைலமரம், பைன். அந்தப் பைன் காட்டுல ஓடிப் பாடாத கதாநாயகன் உண்டா? (சிரிப்பு) நாம கைதட்டிப் படம் பார்த்தோம். புல்வெளி போயிருச்சு. 1973-லிருந்து 2014 வரை செயற்கைக்கோள் படங்களை வெச்சு ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் பார்த்தாங்க. மலை உச்சிப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்த நாற்பது ஆண்டில் காணாமல் போயிருந்தது.

இன்னைக்கு அரசாங்கமே ஒப்புக்கொண்டு, அயல் மரங்களை எடுக்கணும்னு கொள்கை வகுத்திருக்கு. நல்ல வாய்தான், நான் வணங்குறேன். ஆனா ஒரு வாட்டில் மரத்தை வெட்டினா விஷயம் முடிஞ்சுதா? அதன் விதை மண்ணுக்குள்ள பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டாலோ, தீ பட்டாலோ, ஆயிரமாயிரமா முளைச்சு வரும். இந்த வருஷம் பிடுங்கணும், அடுத்த வருஷம் பிடுங்கணும், அதுக்கு அடுத்த வருஷமும் குனிஞ்சு பிடுங்கணும். அவசரப்பட்டு மொட்டையடிக்கவும் கூடாது. சில இடங்களில் அந்த அயல் மரத்தின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் முளைச்சு வருதுன்னு இந்த மலையிலேயே பார்த்துச் சொல்லியிருக்காங்க. பழைய தவறைத் திருத்துறேன்னு புதுத் தவறு பண்ணக் கூடாது. பார்த்துப் பார்த்துச் செய்யணும். மனுஷன் செய்த தப்பும் இப்படித்தான். வெட்டின அன்னைக்கு முடியறதில்லை. அதன் விதை அடுத்தவன் மனசுல கிடக்குது.

மரத்துக்கு மட்டுமா? இதே ஊரில் பாதரச வெப்பமானி செய்த தொழிற்சாலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாதரசம் பட்ட கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில் கிடந்தது 2001 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்தது. ஆலை மூடப்பட்டது. 2003-இல் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. தொழிலாளர் 591 பேருக்கான உடன்பாடு கையெழுத்தானது எப்போது? 2016 மார்ச்சில்! நடுவிலே பதினைந்து ஆண்டு. அதற்குள் எத்தனை அறிக்கை, எத்தனை விளக்கம், எத்தனை பேச்சு! கை நீட்டப்படும் வரைக்கும் அந்தக் குடும்பங்கள் காத்துத்தானே கிடந்தன? அந்த மண்ணைச் சுத்தப்படுத்தும் வேலைக்கு அதற்குப் பிறகும் ஆண்டுகள் தேவைப்பட்டன.

“அதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம், நம்ம மாதிரி மாசச் சம்பளக்காரனுக்கு என்ன சொல்றீங்க?”ன்னு கேட்பீங்க. சொல்றேன். இது நான் செய்த தவறு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. சமவெளியில் ஒரு கல்லூரி. தேர்வுத் தாளைத் திருத்தி மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. மறு வருஷம் ஒரு நாள், நல்ல விடை எப்படி எழுதணும்னு புதுப் பிள்ளைகளுக்குக் காட்ட, பழைய கட்டைப் பிரிச்சு ஒரு தாளை எடுத்தேன். கீழ்மலையிலிருந்து வந்து படிச்ச பையன் எழுதினது. காபித் தோட்டக் கூலியின் மகன். தாளின் முகப்பில் என் கையெழுத்திலேயே 62 என்று இருக்கிறது. அந்தப் பையனை வரச்சொல்லி ஆளனுப்பினேன். “அவன் தமிழ்ல ஃபெயிலாகி எட்டு மாசம் ஆச்சு சார். ஊருக்குப் போயிட்டான்”னாங்க.

பதிவேட்டைப் பார்த்தேன். 26. அறுபத்திரண்டை நான்தான் திருப்பிப் போட்டிருக்கேன். மறுகூட்டலுக்குப் பணம் கட்ட அவன்கிட்டே வசதி இல்லை. தமிழ்லயே தேறாதவனுக்கு இனி என்ன படிப்புன்னு அப்பா மிளகு பறிக்கக் கூட்டிட்டுப் போயிட்டார்.

அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கலை. காலையில் முதல்வர் அறைக்குப் போனேன். சகோதரி, கேட்டுக்குங்க, வாயைத் திறந்து எல்லாத்தையும் சொன்னேன். அவர் திட்டவே இல்லை. “சொன்னது நல்லது. ஆனா ஒரு வருஷத்துக்கு மார்க் பதிவேடு உங்க கைக்கு வராது”ன்னார். அவ்வளவுதான். என் வாய்க்குக் கிடைச்ச மரியாதை அது!

பஸ் பிடிச்சுக் கீழ்மலைக்குப் போனேன். அந்தத் தகப்பனார் முன்னால் நின்னு, “ஐயா, மன்னிச்சிருங்க”ன்னேன். அவர் கையிலிருந்த மிளகுக் கூடையைக் கீழே வெச்சார். “சார், மன்னிப்பை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? என் பையனை எந்த இடத்துல விட்டீங்களோ, அந்த இடத்துல திரும்பக் கொண்டுபோய் விடுங்க”ன்னார்.

நடுவர் அவர்களே, நான் படிச்ச எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவான தீர்ப்பு இல்லை! (கைதட்டல்)

மதிப்பெண்ணைத் திருத்தி ஆணை வாங்க ரெண்டு மாசம் அலைஞ்சேன். பையன் திரும்ப வந்தான். விட்டுப்போன பாடத்தைச் சனிக்கிழமைதோறும் என் வீட்டுத் திண்ணையில் நடத்தினேன். ஆனா எனக்குள்ளே ஒரு நோய் வந்திருச்சு. என் கையை நானே நம்பலை. கதவைப் பூட்டிட்டுத் திரும்பி வந்து பார்ப்பேன். கரும்பலகையில் ஆண்டு எழுதக்கூடக் கை நடுங்கும். மத்தவங்க நம்பாதது ஒரு வேதனை. தன்னைத் தானே நம்பாதது அதைவிடப் பெரிய வேதனை.

அதுக்கு மருந்து சொன்னவர் அலுவலகத் தலைமை எழுத்தர். “தம்பி, கவனமா இருப்பேன்னு சபதம் போடாதீங்க. கவனம் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. முறையை மாத்துங்க. ஒருத்தர் சத்தமாப் படிக்கணும், ஒருத்தர் எழுதணும், மூணாவது ஆள் சரிபார்க்கணும். எண்ணுக்குப் பக்கத்துல எழுத்தாலும் எழுதணும்”னார். பதிவேடுதான் கைக்கு வரலையே? வகுப்புத் தேர்வு மதிப்பெண், வருகைக் கணக்கு, நூலகப் புத்தகப் பட்டியல் என்று கிடைச்சதை எல்லாம் அப்படியே எழுதிப் பழகினேன். சக ஆசிரியர்கள் முதல்ல சிரிச்சாங்க. ஆறு மாசத்துல அவங்களும் என்னைப் பார்த்துச் செய்ய ஆரம்பிச்சாங்க.

ஒரு வருஷம் கழிச்சு ஒரு காலை. முதல்வர் என் மேசைக்கு வந்தார். அந்தப் பதிவேட்டை வெச்சார். ஒரு வார்த்தை பேசாமல் போயிட்டார். போகும்போது வாய் பேசிவிட்டுப் போன நம்பிக்கை, வரும்போது பேசாமல் வந்தது நடுவர் அவர்களே!

அந்தப் பையன் என்ன ஆனார்? கலெக்டர் ஆனார்னு சொன்னா நீங்க கைதட்டுவீங்க. ஆகலை. பட்டம் வாங்கிட்டு ஊருக்கே போய்ச் சொந்தமாகக் கொஞ்சம் காபியும் மிளகும் வாழையும் வெச்சுப் பார்த்துக்கிறார். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு மலைவாழைத் தார் வரும். அதோடு ஒரு சீட்டு: “ஐயா, எழுபத்திரண்டு பழம். ரெண்டு தடவை எண்ணிட்டேன். எழுத்தாலும் எழுதியிருக்கேன்.” (சிரிப்பு, கைதட்டல்) அவர் என்னை மன்னிச்சாரான்னு நான் இன்னைக்கு வரை கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் வரலை.

நிறைவாக ஒன்று. இந்த ஊரில் 1899-இல் தொடங்கப்பட்ட சூரிய ஆய்வகம் இருக்கிறது. மேகம் விடுகிற நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து, நூறாண்டுக்கும் மேலாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சூரியன் முகத்தில் கரும்புள்ளி இருப்பது அவர்களுக்குத் தெரியும். எத்தனை, எங்கே என்று குறித்தே வைத்திருக்கிறார்கள். 1909-இல் எவர்ஷெட் என்ற அறிஞர் அந்தப் புள்ளிக்குள் வாயு எப்படி ஓடுகிறது என்பதை இங்கிருந்துதான் கண்டு சொன்னார். புள்ளி இருக்கிறதென்று யாராவது சூரியனை வேலையை விட்டு நீக்கினோமா? ஏன் நீக்கவில்லை? அது எனக்குப் புள்ளி இல்லை என்றும் வாதாடவில்லை, மன்னியுங்கள் என்றும் கெஞ்சவில்லை. காலையில் நேரத்துக்கு வந்து தன் வேலையைச் செய்கிறது.

தவறு செய்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கிற தம்பி, தங்கைகளே! வாய் கதவைத் தட்டட்டும், தப்பில்லை. உள்ளே போகிறவரை உழைக்க வேண்டியது கை. பொங்கின பாலுக்கு அழுதது போதும். துணியை எடுங்கள், அடுப்பைத் துடையுங்கள், நாளைக்குப் பால் வைக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

இழந்த நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது திருத்திக் காட்டும் கையாலே, கையாலே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே!