தாளவாடிப் பிள்ளைக்கு எந்த டிவி பாடம் நடத்தும்?

பெருந்துறையில இருந்து பேசுறேன். இன்னிக்கு எபிசோடு டிவி பத்தி. சீரியல், ரியாலிட்டி ஷோ இல்லீங்க. பாடம் நடத்துற டிவி.

நம்ம கல்வித் தொலைக்காட்சி உங்களுக்குத் தெரியும். 2019 ஆகஸ்ட் 26 அன்னைக்கு, அப்ப முதல்வரா இருந்த எடப்பாடி பழனிசாமி தொடங்கி வெச்சார். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல ஸ்டுடியோ. அடுத்த வருஷமே கொரோனா வந்து பள்ளிக்கூடமெல்லாம் மூடியாச்சு. ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக்கு இந்த டிவிதான் வகுப்பறை. நல்ல விஷயம்தான். ஆனா அது அடிப்படையில தமிழ் சேனல். வீட்டுல வேற மொழி பேசுற பிள்ளைக்கு என்ன வழி?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுனா கனடா வரைக்கும் போகணும். ஒன்டாரியோ மாகாணத்துல பெரும்பான்மை ஆங்கிலம். பிரெஞ்சு பேசுறவங்க 6 லட்சத்துக்கு மேல இருக்காங்க. 1912-ல அந்த மாகாண அரசு 'ஒழுங்குவிதி 17'னு ஒண்ணு போட்டுச்சு. முதல் ரெண்டு வகுப்புக்கு மேல பிரெஞ்சுல பாடம் நடத்தக் கூடாதுங்கிறதுதான் அதோட சாரம். மொழிக்காகத் தெருவுல இறங்குன ஊர்க்காரங்க நாம, இது நமக்குச் சட்டுனு புரியும். அங்கேயும் இறங்குனாங்க. 1916 ஜனவரியில, ஒட்டாவா நகரத்துல கீக் பள்ளிக்கூடத்து வாசல்ல தாய்மாருங்க காவல் நின்னாங்க. கையில ஆயுதம் என்ன தெரியுமா? தொப்பியில குத்துற நீள ஊசி! உள்ளே தெலோஜ் சகோதரிகள்னு ரெண்டு டீச்சருங்க பிரெஞ்சுல பாடம் எடுத்துட்டு இருந்தாங்க. 1927-ல அரசு அந்த விதியை அமல்படுத்துறதைக் கைவிட்டுச்சு.

அதே மாகாண அரசு, 1987-ல பிரெஞ்சுக்குன்னே ஒரு கல்வி சேனலைத் தொடங்குச்சு. இப்ப அதுக்கு டிஎஃப்ஓனு பேரு. முதல்ல டிவிஒன்டாரியோவுக்குக் கீழ இருந்தது, 2007-ல தனி நிறுவனமாச்சு.

இதுல நான் முக்கியமா நினைக்கிறது ஒண்ணு இருக்குங்க. பக்கத்துலயே கியூபெக். பிரெஞ்சு நிகழ்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. அதை அப்படியே வாங்கிப் போட்டிருக்கலாம். ஆனா ஒன்டாரியோ பிள்ளை படிக்கிறது ஒன்டாரியோ பாடத்திட்டம். அதுக்கு ஏத்த நிகழ்ச்சியைத் தாங்களே எடுத்தாங்க.

இப்ப நம்ம ஈரோடு மாவட்டத்துக்கு வருவோம். பண்ணாரி தாண்டி திம்பம் மலைப்பாதையில 27 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனா தாளவாடி. நடிகர் ராஜ்குமாரோட சொந்த ஊர் அந்தப் பக்கம்தான். அங்க நிறைய வீட்டுல கன்னடம்தான் பேச்சு. கன்னட வழிப் பள்ளிக்கூடமும் இருக்கு. நம்ம அரசே பாடநூலைக் கன்னடத்துல அச்சடிச்சுக் கொடுக்குது. ஆனா அது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். பெங்களூர்ல எடுத்த வீடியோவைப் போட்டா, மொழி ஒத்துப்போகும், பாடம் ஒத்துப்போகாது. சென்னையில எடுத்ததைப் போட்டா, பாடம் ஒத்துப்போகும், மொழி ஒத்துப்போகாது.

பெருந்துறை சிப்காட் பக்கம் பாத்தீங்கன்னா இது இன்னும் சிக்கல். ஒடிசா, பீகார்ல இருந்து வந்து வேலை பாக்குறவங்க குடும்பத்தோட தங்குறாங்க. அந்தப் பிள்ளைக தெருவுல விளையாடியே தமிழ் பேசக் கத்துக்குதுக. 'ஏனுங்கண்ணா'ங்குற அளவுக்கு! ஆனா பேசுறது வேற, மூணாம் வகுப்புக் கணக்கைத் தமிழ்ல படிச்சுப் புரிஞ்சுக்கிறது வேற. நாளைக்கு அப்பாவுக்கு வேலை போயி ஊர் திரும்புனா, அங்க ஒடியா எழுத்து தெரியாது. ரெண்டு பக்கமும் கரை இல்லாம நிக்கும் அந்தப் பிள்ளை.

"தமிழ்நாட்டுக்கு வந்தா தமிழ் கத்துக்கட்டும்"னு சிலர் சொல்லுவீங்க. கத்துக்கணும், நானும் அதைத்தான் சொல்றேன். ஆனா தெரிஞ்ச மொழியில புரிய வெச்சு, அது வழியா தமிழுக்குக் கூட்டிட்டு வந்தா சீக்கிரம் வரும். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில கிடைக்க ஏற்பாடு செய்யணும்னு அரசியல் சட்டத்துல 350ஏ பிரிவே இருக்குங்க. 1956-ல சேர்த்தது.

இது ஆகாத காரியமும் இல்லை. 1975-லயே சைட் திட்டத்துல, செயற்கைக்கோள் வழியா, ஆறு மாநிலத்துல சுமார் 2,400 கிராமத்துக்கு இந்தி, தெலுங்கு, கன்னடம், ஒடியானு நாலு மொழியில டிவி காட்டுன நாடு இது. 2022 மத்திய பட்ஜெட்ல கல்வி சேனல்களை 12-ல இருந்து 200 ஆக்குறோம்னு அறிவிச்சாங்க. மாநில மொழிகளுக்குத்தான். அதாவது ஒடியா ஒடிசாவுக்கு, கன்னடம் கர்நாடகாவுக்கு. பெருந்துறையில இருக்குற ஒடியாப் பிள்ளை அந்தக் கணக்குல எங்க வருது?

தனி சேனல்கூட கேக்கலீங்க. நம்ம கல்வித் தொலைக்காட்சியிலயே தினமும் அரை மணி நேரம். நம்ம பாடத்திட்டம், பாதி கன்னடத்துல பாதி தமிழ்ல. இன்னொரு அரை மணி நேரம் ஒடியாவும் தமிழும். சொல்லித்தர ஆளா இல்லை? தாளவாடியில ரெண்டு மொழியும் தெரிஞ்ச டீச்சருங்களே இருக்காங்களே.

இந்தி திணிப்பை எதிர்த்தப்ப நாம சொன்னது, ஒரு பிள்ளை மேல தெரியாத மொழியைச் சுமத்தாதீங்கன்னு. அந்த நியாயம் நம்ம பிள்ளைக்கு மட்டும்தானா? உங்க பக்கத்து அரசுப் பள்ளியில வேற மொழிப் பிள்ளைக எத்தனை பேர்னு விசாரிச்சுட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல அதை வெச்சே பேசலாம். வரட்டுங்களா?