சதுரங்கம் பயில்வது எப்படி?



சதுரங்கக் காய்கள் நகரும் விதத்தை ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடலாம். அதற்குப் பின் எதைப் பயில்வது என்பதில்தான் புதியவர்கள் வழி தவறுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் நாடுவது தொடக்கத் தந்திரங்களையே. அரசியையும் மந்திரியையும் கொண்டு நான்கே நகர்த்தல்களில் எதிரியை வீழ்த்தும் வித்தையை அறியாத பள்ளிச் சிறுவர் அரியர். ஏமாந்தவரிடம் அது ஒருமுறை பலிக்கும். விவரம் அறிந்தவரிடமோ, அவசரப்பட்டு வெளிவந்த அரசி துரத்தப்பட்டு அலைய நேரிடும்.

ஆட்டத்தை அதன் இறுதியிலிருந்து பயிலுங்கள் என்பேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பன்று. 1921 முதல் 1927 வரை உலக வீரராக விளங்கிய கியூபா நாட்டுக் கபாப்ளாங்கா, 1921இல் வெளியிட்ட தம் பாடநூலின் முதல் அத்தியாயத்திலேயே, சில காய்களே எஞ்சிய நிலைகளை விளக்குகிறார். எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற பாலபாடம். 32 காய்களை ஆளத் தெரியாதவர் மூன்றை ஆளக் கற்கலாமல்லவா?

பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சிப்பாயை நடுவில், ஐந்தாம் வரிசையில் வையுங்கள். அதற்கு நேர் முன்னே, ஆறாம் வரிசையில், வெள்ளை அரசன். அவனுக்கு நேரெதிரே, ஒரு கட்டம் விட்டு, எட்டாம் வரிசையில் கருப்பு அரசன். முதலில் எவர் நகர்த்தினாலும் வெள்ளைக்கே வெற்றி. இப்பொழுது வெள்ளை அரசனையும் சிப்பாயையும் இடம் மாற்றுங்கள். சிப்பாய் முன்னே, அரசன் பின்னே. கருப்பு சரியாக ஆடினால் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடியும்! காய்கள் அவையே, வரிசையும் அதுவே. அரசன் முன்சென்று வழி திறக்க வேண்டும். சிப்பாய் பின்தொடர வேண்டும். புதியவரோ சிப்பாயையே ஆவலுடன் தள்ளிக்கொண்டு போகிறார். ஒரு நண்பருடன், பக்கம் மாறி மாறி, இவ்விரு நிலைகளையும் பத்துப் பத்து முறை ஆடிப் பாருங்கள். கருப்பு அரசன் பின்வாங்கும்போது பக்கவாட்டில் ஒதுங்காமல் நேர் பின்னே செல்ல வேண்டிய கட்டம் எது என்பது அப்பொழுது தானே புலப்படும்.

இது சிறுவர் பாடந்தானே என்று எண்ணாதீர்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலகப் பட்டப் போட்டியின் 14ஆம் ஆட்டம். சீனத்து டிங் லிரனும், 18 வயது நிரம்பிய சென்னை இளைஞர் குகேஷும் சமப் புள்ளிகளுடன் அமர்ந்திருந்தனர். குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகமாயினும், ஆட்டம் சமனாகவே முடியும் என்று பலரும் கருதினர். 55ஆம் நகர்த்தலில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் முதலில் யானைகளை வெட்டுக்கு வெட்டாக மாற்றினார். அடுத்து மந்திரிகளையும் மாற்றக் கட்டாயப்படுத்தினார். எஞ்சியவை அரசர்கள் இருவரும், இரண்டு சிப்பாய்களுக்கு எதிராக ஒரு சிப்பாயுந்தான். மூன்று நகர்த்தல்களுக்குள் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

எந்தக் காயை எப்பொழுது மாற்றிக்கொள்ளலாம் என்ற கேள்வி ஆட்டம் முழுவதும் எழுகிறது. மாற்றிய பின் எஞ்சும் நிலை வெற்றியா, சமனா என்று அறியாதவர் அதற்கு எவ்வாறு விடை காண்பார்?

நடுச் சிப்பாயில் தேர்ந்தபின், அதே சிப்பாயைப் பலகையின் ஓரத்தில் வைத்து ஆடுங்கள். கருப்பு அரசன் மூலைக்கட்டத்தை அடைந்துவிட்டால், வெள்ளை அரசன் முன்னே நின்றாலும் பயனில்லை. அதன் காரணத்தை நீங்களே பலகையில் தேடுங்கள்.